எங்கள் குடலும் உங்கள் சைவமும்

முத்துப்பேட்டையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி கைபேசியை நீட்டினாள். அதில் ஒரு காணொளி. வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பேசுகிறார். அசைவம் தின்பவர்களின் குடலில் கெட்ட பாக்டீரியா குடியேறிவிடுமாம், சாத்விக உணவு சாப்பிடுபவர்களின் குடலில் நல்ல பாக்டீரியா மட்டுமே வாழுமாம், இதை இப்போது மேல்நாட்டு விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதாம். "நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை" என்று முடித்தார்.

"இது நிஜமாண்ணே?" என்று கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னாள். விடுதியில் அவளோடு அறையில் தங்கியிருக்கும் பெண் இந்தக் காணொளியைக் காட்டித்தான், அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தொக்கு டப்பாவை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறாள். "நாத்தம் அடிக்குது" என்று மட்டும் சொல்லியிருந்தால் இவளும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். "உன் உடம்புக்குள்ளயே கெட்ட கிருமிதான் இருக்கு, அறிவியல் சொல்லுது" என்றதும் பேச்சு நின்றுவிட்டது. மூன்று வாரமாக டப்பா வராண்டாவில் இருக்கிறது.

தீட்டு என்று சொன்னால் வழக்குப் போடலாம். பாக்டீரியா என்று சொன்னால் என்ன செய்வது? அதனால் நாங்கள் உட்கார்ந்து படித்தோம். எங்களுக்கு நெருக்கமான மருத்துவத் தோழர் ஒருவர் உதவினார். படித்ததில் விளங்கியதை இங்கே எழுதுகிறோம். நமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுதப்போவதில்லை. அது காணொளிக்காரர் செய்கிற வேலை.

முதலில் அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். சாப்பாடு மாறினால் குடல் பாக்டீரியா மாறும் என்பது உண்மை. 2014-ல் 'நேச்சர்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிலருக்கு ஐந்து நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் கொடுத்தார்கள். வேறொரு ஐந்து நாள் தானியம், பருப்பு, காய், பழம் மட்டும். இறைச்சி வாரத்தில் பித்தநீரைத் தாங்கி வளரும் பிலோஃபிலா போன்ற பாக்டீரியாக்கள் கூடின. செடிகொடிகளின் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் குறைந்தன. சிவப்பிறைச்சியில் உள்ள கார்னிடைன் என்ற பொருளைக் குடல் பாக்டீரியா உடைத்து, கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ என்ற பொருளாக மாற்றுகிறது. அது இதய நோயோடு தொடர்புள்ளது என்று 2013-ல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. நெடுநாள் இறைச்சி தொடாதவர்களுக்கு அதே கார்னிடைனைக் கொடுத்தபோது இந்தப் பொருள் மிகக் குறைவாகவே உண்டானது. இவற்றை நாம் மறுக்க வேண்டியதில்லை.

காணொளிக்காரர் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். அந்த ஐந்து நாள் உணவில் நார்ச்சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை. கறியும் பாலாடைக்கட்டியும் மட்டுமே தின்னும் மனிதர் முத்துப்பேட்டையில் யார்? அரிசியும் குழம்பும் கீரையும் இல்லாமல் இங்கே எவர் வீட்டில் கறி வேகிறது? நம்மைத்தான் 'அசைவம்' என்கிறார்கள். ஆனால் நம் தட்டில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணில் விளைந்தது. கறி ஞாயிற்றுக்கிழமை வரும் விருந்தாளி. மீன் வாங்கும் நாளிலும் ஆளுக்கு இரண்டு துண்டுதான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வீகன்களையும் எல்லாம் சாப்பிடுபவர்களையும் ஒப்பிட்டார்கள். வீகன் என்றால் பால், நெய், தேன்கூடத் தொடாதவர்கள். இரு தரப்பின் ரத்தத்தில் கலந்திருந்த பொருட்கள் நன்றாகவே வேறுபட்டன. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வேறுபடவில்லை. ஆய்வு செய்தவர்களுக்கே அது வியப்புதான். ஒருவர் குடலில் எது வாழும் என்பதைத் தட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார், எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் விழுங்கினார் என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

2018-ல் வெளியான 'அமெரிக்கன் கட்' திட்டத்தின் முடிவு இன்னும் தெளிவானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகளைப் பார்த்தார்கள். தன்னை வீகன் என்று சொல்லிக்கொள்கிறாரா, எல்லாம் தின்பவர் என்று சொல்லிக்கொள்கிறாரா என்ற பெயர்ப்பலகையைவிட, வாரத்துக்கு எத்தனை வகைத் தாவர உணவு சாப்பிடுகிறார் என்பதே குடல் பாக்டீரியாவின் பன்மையைக் கூடுதலாகக் காட்டியது. 30 வகைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கும் 10-க்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் துலக்கமாக இருந்தது. 2025-ல் இத்தாலி, பிரிட்டன், அமெரிக்க மக்கள் 21,561 பேரை வைத்துச் செய்த ஆய்வு சிவப்பிறைச்சியோடு சேர்ந்து வரும் சில பாக்டீரியாக்களை அடையாளம் காட்டியது. கூடவே, இறைச்சி சாப்பிடுபவரும் காய்கறிகளைப் பலவகையாகச் சாப்பிட்டால் நன்மை தரும் பாக்டீரியாக்கள் அவரிடமும் இருக்கும் என்பதையும் காட்டியது.

இனி நெய்க்கு வருவோம். இந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. அதே பிலோஃபிலாவைப் பற்றி 2012-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எலிகளுக்குப் பால்கொழுப்பு கொடுத்தபோது அந்தப் பாக்டீரியா பெருகியது. குடல் அழற்சி வரும் மரபுக்கூறு கொண்ட எலிகளுக்கு அந்த அழற்சியும் கூடியது. பன்றிக்கொழுப்பு கொடுத்த எலிகளில் அப்படிப் பெருகவில்லை. எலியை வைத்து மனிதரை முடிவுகட்டக்கூடாது என்பதால் "நெய் கெடுதல், பன்றிக்கறி அமுதம்" என்று நாங்கள் காணொளி போடப்போவதில்லை. ஆனால் 'சாத்விகம்' என்ற சொல்லுக்குக் குடலுக்குள் எந்தச் செல்வாக்கும் இல்லை என்பதைக் காட்ட இது போதும்.

வெங்காயமும் பூண்டும் அப்படித்தான். குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனிகளில் ஃபிரக்டான் என்ற நார்ப்பொருள் முக்கியமானது. அது நிறைய இருப்பது இவ்விரண்டிலும்தான். சாத்விகச் சமையலறையில் முதலில் வெளியே தள்ளப்படுபவையும் இவ்விரண்டுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெங்காயம், பூண்டு, முட்டை இல்லாத சோற்றைப் போடும் அமைப்புகளுக்கு அரசுகளே சமையல் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. 2021 டிசம்பரில் கர்நாடகத்தில் பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்த்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். யார் குடலைக் காப்பாற்ற?

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவத் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும். வீகனும் நம் ஊர்ச் சைவமும் ஒன்றல்ல. உயிரைக் கொல்லக்கூடாது என்று பாலையும் தோலையும் சேர்த்துக் கைவிடுகிற மனிதரோடு நமக்குச் சண்டை இல்லை. நம்மவர்களிலேயே வீகன்கள் உண்டு. அவர்கள் யாருடைய டப்பாவையும் வராண்டாவுக்குத் துரத்துவதில்லை. சண்டை, பாலையும் நெய்யையும் குடித்துக்கொண்டே, பால் வற்றிய மாட்டின் கறியைத் தின்பவனைத் தாழ்த்துகிற சைவத்தோடுதான். தமிழில் அந்த உணவுக்குப் பெயரே ஒரு மதத்தின் பெயர். நம் உணவுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. 'அ' போட்டு எதிர்மறையாக்கிவிட்டார்கள். 2014-ல் இந்தியப் பதிவாளர் அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். நூற்றில் மூன்று பேருக்கும் குறைவானவர்களின் உணவு இயல்பு, மற்றவர்களுடையது அதன் மறுப்பு!

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று தாள் ஒட்டினார்கள். அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத் தோழர்கள் அதை வெளியே கொண்டுவந்த பிறகே கிழித்தார்கள். 2023-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவ மேசையை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இவர்கள் யாரும் பாக்டீரியா ஆய்வைப் படித்துவிட்டு மேசையைப் பிரிக்கவில்லை. மேசையைப் பிரித்த பிறகுதான் காரணம் தேடுகிறார்கள். நேற்று சாஸ்திரம், இன்று நுண்ணுயிரியல்.

சரி, நம் குடலைப் பற்றி நம் மண்ணிலேயே செய்த ஆய்வு ஏதும் இல்லையா? இருக்கிறது, அதுவும் உலகம் மதிக்கும் ஆய்வு. பி12 வைட்டமினைச் செடிகள் செய்வதில்லை, பாக்டீரியாதான் செய்கிறது. நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாவும் செய்கிறது. ஆனால் அந்த வைட்டமினை உடல் உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பெருங்குடல் அதற்கும் கீழே இருப்பதால், அங்கே செய்தது வீணாகிறது. 1980-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 செய்யும் பாக்டீரியா வாழ்கிறது என்று காட்டினார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தாயா, சைவத்துக்குப் பி12 தானாகவே கிடைக்கும்" என்று ஒருவர் காணொளி போடலாம். கிடைத்திருந்தால் இந்தியச் சைவர்களிடம் பி12 குறைபாடு இவ்வளவு பரவலாக இருக்காது. வீகனாக வாழ விரும்பும் தோழர் மாத்திரை போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். மாத்திரை வாங்க முடியாத வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் ரத்தப் பொரியலும் அந்த வேலையைச் செய்தன. மிராசுதார் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதிலிருந்து நம் பாட்டிகள் இரும்பையும் பி12-ஐயும் எடுத்துக் கொடுத்தார்கள்.

வேலூரிலிருந்தே இன்னொன்று. 2000-ல் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவின் குழு, காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைச் சேர்த்துப் பார்த்தது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அந்த அமிலங்களின் உதவியால் குடல் உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. வடித்த சோறு ஆறிக் குளிரும்போது அதிலும் இப்படிச் செரிக்காத மாவு ஓரளவு உண்டாகிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் புளிப்பு பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கிறது. பண்ணையாளுக்குக் காலையில் கிடைத்த பழைய சோறு அதுதான். இப்போது நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் வைத்துச் சின்ன வெங்காயத்தோடு பரிமாறுகிறார்கள். விலையைக் கேட்டால் எங்கள் தாத்தாவுக்கு விக்கல் எடுத்திருக்கும்.

ஆனால் பழைய சோற்றைக் கொண்டாடுவதில் நாங்கள் சற்று எச்சரிக்கையாக இருக்கிறோம். அதைப் பண்ணையாள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் கீழத்தஞ்சையில் அவன் குடலுக்குள் என்ன போகவேண்டும் என்பதை மிராசுதார் முடிவு செய்தான். வேலைக்கு நேரமாகி வந்தவனுக்கு, எதிர்த்துப் பேசியவனுக்குச் சவுக்கடியோடு சாணிப்பால். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார்கள். 1940-களில் பி.சீனிவாச ராவும் செங்கொடிச் சங்கமும் வந்த பிறகுதான் அது நின்றது. அதாவது இன்றைக்கு உயிரோடிருக்கும் முதியவர்களின் அப்பன்மாரின் குடலுக்குள் போனது அது. மாட்டுக்கறி தின்றதால் இழிந்தவன் என்று சொன்ன அதே கை, மாட்டுச் சாணத்தை அவன் வாயில் ஊற்றியது. கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்தார்கள். இந்த வரலாற்றைத் தள்ளிவைத்துவிட்டு டெல்டாவில் எவர் குடலைப் பற்றியும் பேச முடியாது.

இப்போதும் என்ன மாறியது? குடலுக்குள் மலக்கிருமி திரும்பத் திரும்பப் போனால், வயிற்றுப்போக்கே வராவிட்டாலும் சிறுகுடலின் உறிஞ்சிகள் மழுங்கிப்போகும். பிள்ளை சாப்பிடும், உடலில் ஒட்டாது. உயரம் நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்கு முட்டை கொடுத்தாலும் முருங்கைக்கீரை கொடுத்தாலும் பாதிதான் சேரும். இந்திய கிராமங்களில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஏன் ஒழியவில்லை என்று ஆராய்ந்த டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017-ல் எழுதிய புத்தகத்தில் சொன்ன காரணம் சாதி. வீட்டுக்குப் பக்கத்தில் மலக்குழி இருந்தால் தீட்டு. அது நிறைந்தால் அள்ளுவது தலித் வேலை, தன் கையால் அள்ளினால் இழிவு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலேயே மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. குடல் நுண்ணுயிர் பற்றி அக்கறையாகப் பேசும் அந்த வெள்ளை அங்கிக்காரர் இதைப் பற்றி ஏதும் பேசியிருக்கிறாரா என்று தேடினோம். இல்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் கூடுகிற இடத்தில் பரோட்டாவும் பிராய்லர் கோழியும்தான். மாட்டுக்கறி உரிமைக்காகப் போராடுகிறோம், 2012-ல் உஸ்மானியாவில் நடந்தது போல விழா நடத்துகிறோம், அதில் தவறில்லை. ஆனால் தினம் மைதாவும் பொரித்த கறியும் என்றால் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. தீனி கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடல் சுவரின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும். பிராய்லர் பண்ணைகளில் கோழியைக் கொழுக்க வைக்கக் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்து வந்தார்கள். இந்திய அரசு அதைத் தடை செய்ததே 2019-ல்தான். இதை விமர்சிப்பது பார்ப்பனியம் ஆகாது. அம்பேத்கரும் 1927-ல் மகாடில் செத்த மாட்டின் கறியை விடச் சொன்னார். கொடுத்ததைத் தின்னும் நிலையிலிருந்து வெளியே வாருங்கள் என்றார். அவரே 1948-ல் எழுதிய நூலில் மாட்டுக்கறியைக் காரணம் காட்டித் தீண்டாமையை எப்படிக் கட்டினார்கள் என்று ஆராய்ந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

போன கூட்டத்தில் ஒரு வேலை செய்தோம். ஒரு வாரத்தில் சாப்பிட்ட தாவர வகைகளை ஆளுக்கொரு தாளில் எழுதினோம். அரிசி, துவரை, உளுந்து, தக்காளி, வெங்காயம், உருளை, கத்தரி, முருங்கை... எங்களில் யாருமே பதினைந்தைத் தாண்டவில்லை. ரேஷன் அரிசியும் கடைக்காயும் அவ்வளவுதான் தரும். அப்போது கூட்டத்துக்கு இடம் கொடுத்த வீட்டுப் பாட்டி, "நான் சொல்றத எழுதிக்க" என்று ஆரம்பித்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போனபோது மடியில் பறித்துக்கொண்டு வந்தவை. ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, கொட்டிக்கிழங்கு, அல்லிக்கிழங்கு. கூடவே வயல் நண்டு, நத்தை, வாய்க்காலில் கெளுத்தி, கோரையாற்று ஓரத்தில் இறால், அலையாத்திக் காட்டுச் சேற்றில் பிடித்த நண்டு. கீரை வகை மட்டுமே எங்கள் பட்டியலைத் தாண்டிவிட்டது. ஊர்க்காரர்கள் அதையெல்லாம் களை என்றும் பூச்சி என்றும் சொன்னார்கள்.

"இப்ப எங்க பாட்டி கிடைக்கும்?" என்று கேட்டோம்.

"களைக்கொல்லி அடிச்சப்புறம் வரப்புல புல்லே மொளைக்கல. நத்தைக்கு எங்க போறது?"

அந்தக் கீரை நம் நிலத்தில் விளைந்ததல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பறித்தது மிராசுதார் வயலில். வரப்பில் கால் வைத்தால்தான் கிடைக்கும். இன்று நடவு இயந்திரம் வந்து வேலையும் போனது, கீரையும் போனது. கோரையாற்றில் வலை போடக்கூட எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. கஜா புயலுக்குப் பிறகு காட்டோரத்தின் நிலைமை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் குடலில் பாக்டீரியா வகை குறைந்திருந்தால் அதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை கறி அல்ல. சொந்தமாகக் கால் காணி நிலம் இல்லாததும், குடிநீர்க் குழாய் காலனித் தெருவுக்குக் கடைசியாக வருவதும்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் தோழர்கள் அவரவர் ஊரில் வயதானவர்களிடம் கேட்டு இப்படி ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள். எந்தக் கீரை எந்த வயலில், எப்போதிலிருந்து இல்லை என்பதையும் எழுதிவாருங்கள். பாட்டி ஆரைக்கீரையை அடையாளம் காட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாய்க்கால் ஓரத்தில் இன்னும் ஓரிடத்தில் இருக்கிறதாம்.

தங்கை ஊருக்குத் திரும்பும்போது இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைக் கொடுத்தனுப்பினோம். அறைத்தோழி படித்தாளா என்று தெரியவில்லை. டப்பாவை மறுபடி அலமாரிக்குள் வைத்துவிட்டதாக மட்டும் நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்.